குடைப் பாட்டுக்கு மூன்று பேர்

பாட்டின் நீளம் நான்கு நிமிடம். செண்பகவடிவு அதை எல்லோரும் பாட்டுப் பகிரும் பாட்டுக்கூடத்தில் போட்டுவிட்டு விரலை எடுப்பதற்குள் முப்பது பேர் கேட்டு முடித்துவிட்டார்கள். பத்துப் பேர் உருகிவிட்டார்கள். ஒருவர் தன் அம்மா நினைவு வந்து அழுததாகவே எழுதியிருந்தார்.

செவ்வாயின் வடமுனைக் குடியிருப்பில் இதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. குழந்தை பிறந்த அன்றே வலது காதுக்குப் பின்னால் செவித்துணையைப் பதித்துவிடுவார்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும். முதலில் காது கேளாதவர்களுக்காக வந்த கருவி அது. கேட்கிறவர்களுக்குக் கேட்க வேண்டியது அதிகமாகிப்போனதால் பிறகு எல்லோருக்கும் வந்தது. நண்பர்கள் அனுப்பும் பாட்டையெல்லாம் அதுவே கேட்டு, அதன் சொந்தக்காரர் எப்படிப் பாராட்டுவாரோ அப்படியே பாராட்டிப் பதிலும் போட்டுவிடும். அனுப்பியவருக்கும் திருப்தி, கேட்காதவருக்கும் நிம்மதி.

வடிவுக்குத் திருப்தி இல்லை. பாராட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு நினைவுக் கிடங்கின் கணக்கைப் பார்த்தாள். ‘கேட்ட மனிதர்: ஒருவர்.’ அந்த ஒருவர் அவள்தான்.

பூமியிலிருந்து கொண்டுவந்த பாட்டெல்லாம் அந்தக் கிடங்கில்தான் இருந்தது. இடம் போதவில்லை. அதனால் ஆண்டுக்கு மூன்று பேராவது முழுதாகக் கேட்காத பாட்டை அழித்துவிடுவது வழக்கம். செவித்துணை கேட்டது கணக்கில் வராது. மனிதருடைய செவி நரம்பே அதிர்ந்திருக்க வேண்டும். குடைப் பாட்டுக்கு இந்த வாரத்தோடு கெடு முடிகிறது.

வடிவு குடியிருப்பின் காற்றுக் குழாய்களைப் பழுதுபார்ப்பவள். கிடங்கின் குளிர்காற்றுக் குழாயைச் சரிசெய்யப் போனபோது முழங்கை ஏதோ ஒரு பொத்தானில் பட்டு அந்தப் பாட்டு ஓட ஆரம்பித்தது. பாடியவள் பெயர் இல்லை, ஊர் இல்லை. கைதட்டலும் ஒரு பறையும்தான் பக்கவாத்தியம்.

‘குடைய விட்டேன் பஸ்ஸிலே – மழ
கூட வந்துச்சு வீட்டிலே...’

மூன்றாவது அடியில் பாடுகிறவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அடக்கப் பார்த்து, முடியாமல், சிரித்துக்கொண்டே பாடி முடிக்கிறாள். வடிவு மழையைப் பார்த்ததில்லை, பஸ்ஸில் ஏறியதில்லை. ஆனாலும் அந்தப் பாட்டு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. குளிக்கும்போதும் குழாயைத் திருகும்போதும் அதுவே வந்தது. இப்படி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும் போலிருந்தது.

சாப்பிடும்போது கணவனிடம் கேட்டாள். ஆறுமுகநயினார் பாசித் தொட்டிகளைக் கவனிக்கும் பிரிவில் இருந்தார். யார் வம்புக்கும் போகாத மனிதர்.

“என்னங்க, நான் அனுப்புன பாட்டக் கேட்டீங்களா?”

“கேட்டேனே. ரொம்ப நல்லாருந்துச்சு.”

“நடுவுல அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?”

நயினார் கண் அரைக்கணம் எங்கோ போய்த் திரும்பியது. “மூணாவது அடியில சிரிச்சிருவா.”

வடிவுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. எழுந்துபோய்க் கணக்கைப் பார்த்தாள். ஒருவர். செவித்துணை எடுத்துக் கொடுத்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

“உக்காருங்க. இப்ப எம் முன்னாலயே கேளுங்க” என்று சுவர் ஒலிபெருக்கியில் போட்டாள். அவரும் மறுக்காமல் உட்கார்ந்தார். முதல் அடி முடியும் முன்பே முகத்தில் ஒரு நிறைவு வந்துவிட்டது.

“முடிஞ்சுது வடிவு. அருமை.”

“இன்னும் ஓடிக்கிட்டுல்ல இருக்கு?”

“எனக்கு அது வெளிச் சத்தத்த அடச்சிட்டு, சுருக்கிக் குடுத்துருச்சே. இருபது விநாடியில முழுப் பாட்டும் வந்துருச்சு. என்ன ஏன் மொறைக்கிற?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாட்டுக்கூடத்தில் அதற்குள் இன்னும் பதினைந்து பேர் உருகியிருந்தார்கள். “யாராவது காதால கேளுங்களேன்” என்று எழுதினாள். ‘என்ன அழகான வரி!’ என்று உடனே பதில்கள் வந்தன.

மறுநாள் வேலையில் இருக்கும்போதுதான் அவளுக்கு வழி தோன்றியது. குடியிருப்பின் நடுவே ஓடும் பெருங்குழாய்க்குக் கனத்த இரும்புச் சுவர். உள்ளே போய்விட்டால், செவித்துணைகளை இயக்கும் பெருங்கணினியோடு தொடர்பு அறுந்துவிடும். அப்புறம் செவித்துணை வெறும் அரிசி மணிதான். காது அதிர்ந்ததை மட்டும் குறித்துவைத்து, வெளியே வந்ததும் கிடங்குக்குச் சொல்லும்.

ஒரு விசிறி இறுகிக்கொண்டது என்று சொல்லி, தன்னோடு வேலை செய்யும் ஜபருல்லாவைக் குழாய் வாசல்வரை கூட்டிப்போனாள். அவளைவிடப் பத்து வயது இளையவன், அதிகம் பேசாதவன். விசிறியைப் பிடித்துக்கொள்ள ஆள் போதவில்லை என்று நயினாருக்கும் சொல்லி அனுப்பினாள். மூவரும் குனிந்து உள்ளே நுழைந்ததும் கதவை அடைத்தாள்.

“விசிறி எங்கக்கா?” என்றான் ஜபருல்லா.

“விசிறி நல்லாத்தான் இருக்கு. நாலு நிமிஷம் ரெண்டு பேரும் வாயத் தொறக்காம இருங்க.”

இடுப்புப் பையிலிருந்து ஒலிப்பெட்டியை எடுத்து, கிடங்கிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய பாட்டைப் போட்டாள்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, நயினார் தவிக்க ஆரம்பித்துவிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “இது எப்ப முடி...” என்று தொடங்கியவரின் வாயை வடிவு பொத்தினாள். மூன்றாவது அடியில் அந்தப் பெண் சிரித்தாள். வடிவின் உள்ளங்கைக்குள் நயினாரின் உதடுகள் விரிந்தன. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜபருல்லா கண்ணை மூடி, குழாய்ச் சுவரில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

பாட்டு நின்றது.

“குடைன்னா என்ன வடிவு?” என்றார் நயினார்.

“தெரியாதுங்க.”

“இன்னொரு தடவ போடேன்.”

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி போட்டாள். மூன்று பேர் ஆகிவிட்டது, இனி ஓராண்டுக்குப் பாட்டுக்குப் பயமில்லை. நயினார் தொட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். ‘குடைய விட்டேன்’ என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே போவது குழாயின் வளைவு வரைக்கும் கேட்டது.

ஜபருல்லா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“நானும் ஒரு பாட்டு கண்டுபிடிச்சேன்க்கா. போன வருஷம். படகுக்காரங்க பாட்டு. கூடத்துல எத்தனையோ தடவ போட்டேன். நீங்ககூட ‘உசிரே உருகிப்போச்சு தம்பி’ன்னு எழுதியிருந்தீங்க.”

வடிவுக்குச் சுருக்கென்றது. அப்படி எழுதியதாக அவளுக்கு நினைவே இல்லை. “அது இப்ப எங்க?”

“அழிச்சிட்டாங்க. நான் ஒருத்தன்தான கேட்டிருந்தேன். இப்ப எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கு. அதுலயும் சில வரி மறந்துக்கிட்டு வருது.”

“பாடு தம்பி” என்றாள் வடிவு. மனதாரத்தான் சொன்னாள். “இங்க அந்தக் கருவியால ஒண்ணும் செய்ய முடியாது. நான் கேக்குறேன், பாடு.”

அவன் முகம் மலர்ந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்ல முனக ஆரம்பித்தான்.

வடிவு கேட்டாள். நன்றாகத்தான் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. நயினாருக்கே பிடித்துவிட்டது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நாளைக்கு எதிர்வீட்டு எஸ்தரை அழைத்து வர வேண்டும். எஸ்தர் வந்தால் அவள் அண்ணன் வருவான். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் அவர்கள் முகம் எப்படிப் போகும்?

முனகல் நின்றது.

“அருமை தம்பி” என்றாள் வடிவு. “உசிரே உருகிப்போச்சு.”

ஜபருல்லா அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“சுருதி பாத்துக்கிட்டிருந்தேன்க்கா” என்றான். “பாட்டு இன்னும் ஆரம்பிக்கல.”