மிதிக்காத மேடு

சாலை மிகவும் சுத்தமாக இருந்தது. பதினெட்டு வருடமாக ஒரு வண்டியும் போகாத சாலை அது. இரண்டு பக்கமும் மரங்கள் தலைக்கு மேல் கிளை பின்னி நிற்க, ஓரங்களில் சருகு முழங்கால் உயரத்துக்குக் குவிந்து மக்கிப்போய் ஊறிய சாக்கு வாடை வீசிக்கொண்டிருக்க, நட்டநடுவில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தார் பளபளத்தது. ஓர் இலைகூட ஒட்டாத அந்தக் கறுப்புப் பட்டை அடிவாரத்திலிருந்து முதல் வளைவுவரை ஒரே சீராக ஏறிப் போனது.

‘எவனோ வேலைவெட்டி இல்லாதவன் பெருக்கியிருக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் நகராட்சியின் சாலைப் பிரிவில் உதவிப் பொறியாளர். கைப்பையில் எப்போதும் இரும்பு அளவுநாடா இருக்கும் என்பதால் அலுவலகத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் ‘டேப்பு’ என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். அளக்கத் தெரியாதவன் அளக்கிறவளைப் பார்த்துச் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள். ஒப்பந்தக்காரன் தார் திருடுவான், தலைவர் கையெழுத்துப் போட மட்டும் வருவார், மேலதிகாரிக்கு வரைபடத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. மனிதர்களைப் பற்றிய அவள் கருத்து மொத்தமும் அவ்வளவுதான்.

சைக்கிள்காரர்கள் அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்தார்கள். ஊரிலிருந்து மலைக்காட்டுப் பாதைகளுக்கு ஒன்பது கிலோமீட்டர். தோலோடு தோலாய் ஒட்டிய சட்டையும் பூசணிக்காயைக் கவிழ்த்தது போன்ற ஹெல்மெட்டுமாக, கல்லிலும் வேரிலும் உருண்டு முட்டியைப் பெயர்த்துக்கொள்வதற்காகவே ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் அங்கே கிளம்பியது. போக இருந்தது ஒரே வழி, கல்குவாரி லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. நான்கு மாதத்தில் இரண்டு பேர் லாரிச் சக்கரத்தில் போய்விட்டார்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் கணக்கு வாத்தியார். வாத்தியாருக்குப் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. அன்று அவன் அவள் வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டே இருந்தான். அவள்தான் போய்க் குழாயை மூடினாள்.

அதற்குப் பிறகுதான் நகராட்சி விழித்துக்கொண்டு, பதினைந்து நாளில் பாதுகாப்பான வழி ஒன்று கண்டுபிடிக்கச் சொல்லி அவள் தலையில் கட்டியது. ஆற்றங்கரை வழியில் பாலம் இடிந்து கிடந்தது. மிச்சம் இருந்தது பதினெட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த இந்தக் குழாய்ச் சாலை. மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து ஊருக்கு வரும் பெரிய தண்ணீர்க் குழாயைப் பராமரிக்கப் போட்டது. லாரி கிடையாது, நாய் கிடையாது, பள்ளம் கிடையாது. நேரே காட்டின் கேட்டில் போய் முடியும்.

அடிவாரத்துப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் இருந்தான். அவள் வயதுதான் இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை.

“இந்த ரோட்டை யாரு பெருக்குறது?” என்று கேட்டாள்.

“யாரும் இல்ல மேடம்.”

“அப்ப தானா சுத்தமாகுதா?”

ஆபரேட்டர் கையைத் துணியில் துடைத்தான். “வாரத்துக்கு ஒரு தடவை வால்வு பார்க்க மேல போவேன். சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் போவேன். ஏறி உக்கார மாட்டேன்.”

“மூணு டிகிரி மேடு. அதுக்கே கால் வலிக்குதா?”

“வலிச்சா பரவாயில்லையே மேடம். வலிக்காம போகுது. அதான் எனக்குப் பிடிக்கல.”

அவள் கூட வந்திருந்த சாலைப் பணியாளர்கள் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா? நம்ம ஆபரேட்டருக்கு மிதிக்காமலே சைக்கிள் மேடு ஏறுதாம். ஊர்ல இருக்கிற பெட்ரோல் பங்க்கை எல்லாம் மூடச் சொல்லிடலாம்.” அவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்கச் சிரித்தது. ஆபரேட்டர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை, சாயங்காலம் நான்கு மணிக்குத் தம்பியின் பழைய சைக்கிளை எடுத்தாள்.

“நானும் கூட வரேங்க்கா.”

“வேணாம். டயர்ல காத்து எவ்வளவுன்னு வழியெல்லாம் கதாகாலட்சேபம் பண்ணுவ.” சைக்கிளைத் தள்ளியபோது பின்சக்கரம் சத்தம் போட்டது. “என்னடா இது, டிக் டிக்னு?”

“மிதிக்கிறதை நிறுத்தினா அப்படித்தான் பேசும். மிதிச்சா வாயை மூடிக்கும். இறக்கத்துல மட்டும்தான் கேக்கும்.”

“உன்னை மாதிரின்னு சொல்லு. வேலை கொடுத்தா வாயை மூடிக்கிற ஜாதி.”

தம்பி சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை அவள் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே பட்டையை மாட்டிவிட்டான்.

முதல் வளைவு தாண்டியதும் ஊரின் இரைச்சல் அறுந்தது. குழாய் இடப்பக்கம் தூண்களின் மேல் கூடவே வந்தது. அதற்குள் தண்ணீர் இறங்கும் முணுமுணுப்பு, துரு வாடை, ஈரத்தில் கறுத்த மரப்பட்டை, கிளைகளுக்கிடையே துண்டு துண்டாக விழுந்து முன்னே போகப்போக மங்கிக்கொண்டிருந்த வெயில் எல்லாவற்றையும் கடந்து அவள் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் இறங்கி அகலம் அளந்தாள், குறித்துக்கொண்டாள். நல்ல சாலை. இந்த ஊர்க்காரர்களின் யோக்கியதைக்கு அதிகப்படியான சாலை. இப்படி ஒன்றைப் பதினெட்டு வருடம் பூட்டி வைத்த முட்டாள்களை வரிசையாக நினைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வசவு கொடுத்தபடி மூன்றாவது வளைவைத் திரும்பினாள்.

அப்போது பின்னால் கேட்டது. டிக், டிக், டிக், டிக்.

தம்பிதான் சொல்பேச்சுக் கேட்காமல் வந்துவிட்டான் என்று நினைத்தாள். “போடா வீட்டுக்கு” என்று திரும்பாமலே சொன்னாள். சத்தம் சீராக, அவசரமில்லாமல், நெருங்கியது. இன்னும் பத்து மிதி மிதித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது மேடு. மேட்டில் மிதிக்காமல் எவன் வருவான்?

திரும்பினாள். கறுப்புப் பட்டை வளைவுவரை வெறுமனே கிடந்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. பத்தடி. ஐந்தடி. இடது முழங்கைக்குப் பக்கத்தில் குளிர்ந்த காற்று ஒன்று உரசிக்கொண்டு போனது. ஓரத்துச் சருகுகள் கொஞ்சம் விலகின. டிக், டிக், டிக் என்று அவளைத் தாண்டி, மேலே, அடுத்த வளைவுக்குள் போய்த் தேய்ந்தது.

ஏதோ பூச்சி, என்றாள் சத்தமாக. மரத்தில் இருக்கிற பூச்சி. தன் குரலே தனக்குப் பிடிக்காமல், ஒரு நொடி கால்களை நிறுத்தினாள்.

சைக்கிள் நிற்கவில்லை.

அவளுடைய பின்சக்கரம் பேச ஆரம்பித்தது. கால்கள் பெடலின் மேல் சும்மா இருந்தன. சாலை மேலே ஏறியது. சைக்கிளும் ஏறியது. மெதுவாக. பின்னால் இருந்து யாரும் தள்ளுவதுபோல் இல்லை. தொட்டிலில் போட்டதுபோல் இருந்தது. தொடையில் இருந்த வலி இறங்கியது. இடுப்பில் இருந்தது இறங்கியது. நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் உடம்பு இவ்வளவு லேசாக இருந்ததில்லை. கண் சொருகியது. யார்மீதும் கோபம் இல்லை. அந்தத் தார் திருடன்மீதுகூட இல்லை.

அதுதான் அவளை உலுக்கியது.

பிரேக்கைப் பிடித்தாள். பிடித்தும் ஏறியது. இறங்கப் பார்த்தாள். கால் பெடலை விட்டு எழவில்லை, எழ விரும்பவில்லை. உடம்பைச் சாய்த்து, மூட்டை விழுவதுபோல் சருகுக்குள் விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. முழங்கால் கிழிந்தது. எரிச்சல் வந்தது. நல்ல எரிச்சல்.

சைக்கிள் அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கீழே விழாமல், எதிலும் சாயாமல், சாலை நடுவில் நிமிர்ந்து நின்றது. சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது. ஊர்வரை தள்ளிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை தலைவர் கூப்பிட்டார். “என்னம்மா, வழி கிடைச்சுதா இல்லையா? ஊரே என்னைக் கேக்குது.”

சொல்லிவிடலாம். என்னவென்று? மிதிக்காமல் மேடு ஏறுகிறது என்றா? வெள்ளிக்கிழமை அதைச் சொல்லித்தானே ஆபரேட்டரை ஊர் சிரிக்க வைத்தாள். இந்தக் கதவுக்கு வெளியே பியூன் முதல் சூப்பிரண்டு வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டேப்புக்கு மரை கழன்றுவிட்டது என்பார்கள். இந்தப் பயல்கள். அவளைப் பார்த்து.

அது பார்வைப் பிழை என்று முடிவு கட்டினாள். இறக்கம் மேடுபோல் தெரியும் சாலைகள் உண்டு, படித்திருக்கிறாள். மறுபடி போய் மட்டம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் போகவில்லை. அளக்காமல் ஓர் எண்ணை எழுதியது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதுவே முதல் தடவை. ‘சரிவு மூன்று டிகிரி, மிதமானது. தளம் நன்று. வாகனப் போக்குவரத்து இல்லை. பாதுகாப்பானது.’ கீழே கையெழுத்துப் போட்டாள். உள்ளங்கைக் காயம் காகிதத்தில் லேசாக ஒட்டியது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திறப்பு விழா. மலையிலிருந்து பனி இறங்கி, பம்ப் ஹவுஸின் கூரைவரை மூடியிருந்தது. நாற்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். வாத்தியாரின் மனைவிகூட, அவருடைய சைக்கிளின் சீட்டைத் தாழ்த்திக்கொண்டு வந்திருந்தாள். தம்பி முன்வரிசையில் நின்றான். தலைவர் ரிப்பனை வெட்டி, தன்னைத் தவிர வேறு யாரையும் பாராட்டாமல் பேசி முடித்தார்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பியிடம் போனாள். “டேய், இன்னொரு நாள் போயேன்.”

“ஏங்க்கா?”

வாய் வரை வந்தது. பக்கத்தில் நின்ற சாலைப் பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மிதிக்கிறதை மட்டும் நிறுத்தாத.”

“மேட்டுல எவனாச்சும் நிறுத்துவானா? கீழ உருண்டு வந்துடுவோம்ல.” அவள் கையைப் பிடித்து அழுத்தினான். “நீ பார்த்த ரோடுக்கா. கண்ணை மூடிக்கிட்டுப் போலாம்.”

போனார்கள். செயின் உரசும் சத்தம், கியர் விழும் சத்தம், யாரோ அடித்த ஜோக், நாற்பத்தோரு பேரின் இரைப்பு. பனி ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டது. தலைவரின் கார் கிளம்பியது. அவள் வளைவைப் பார்த்து நின்றாள். பேச்சுக் குரல் இன்னும் கேட்டது. முதல் வளைவு. இரண்டாவது.

ஜோக் பாதியில் நின்றது.

டிக்.

பிறகு இன்னொன்று. பிறகு நான்கைந்து. பேச்சு இல்லை. இரைப்பு இல்லை. டிக் டிக் டிக் டிக் என்று மழை பிடிப்பதுபோல் பிடித்தது.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். “மிதிடா, மிதி.” முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில் வழுக்கி விழுந்து, குழாயின் தூணைப் பிடித்து எழுந்தாள். குழாய் அசைவற்றுச் சில்லென்றிருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தமில்லை.

சாலை முடியும் இடத்தில் காட்டின் கேட் திறந்து கிடந்தது. அங்கே பனி கொஞ்சம் கிழிந்தது.

மலை தெரிந்தது. அடியிலிருந்து உச்சிவரை கோடுகோடாகப் பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் சைக்கிள்கள் ஏறிக்கொண்டிருந்தன. நாற்பத்தொன்று இல்லை. எண்ண முடியாது. பழைய இரும்புச் சைக்கிள்கள், கேரியரில் கருவிப் பை கட்டியவை, குழந்தை சீட்டு வைத்தவை. எதிலும் ஒருவரும் மிதிக்கவில்லை. மலை முழுவதும் ஒரே சீராக டிக்டிக்கென்றது.

கடைசியாக ஏறிய வரிசை கேட்டுக்கு மிக அருகில் இருந்தது. தம்பி அதில் இருந்தான். கால்கள் பெடலிலிருந்து நழுவித் தொங்கின. கைகள் தொங்கின. ஹேண்டில்பார் தானாகத் திரும்பியது. அவன் தலை தோளில் சாய்ந்து, முகம் அவள் பக்கம் இருந்தது. தூங்கும் குழந்தைபோல் வாய் திறந்திருந்தது. அவனுக்குப் பின்னால் வாத்தியாரின் மனைவி. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லா வாயும் திறந்திருந்தன.

அந்தக் குளிரில் அவள் மூச்சு ஒவ்வொன்றும் வெள்ளையாகப் புகைந்தது. அவர்கள் யார் வாயிலிருந்தும் ஒரு புகைகூட வரவில்லை.