இரண்டாவது ஊசிக்கு முன்

எல்லாரும் சௌக்கியம்தானே? கை, கால், முட்டி எல்லாம் சொன்னபடி கேட்கிறதா? முட்டி என்றதும்தான் இந்தத் தையல்காரி ஞாபகம் வருகிறாள். சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று மத்தியானம் மெஷினை நிறுத்திய பிறகும் அவள் காலுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மிதிகட்டையின் அதிர்வு என்று நினைத்துக் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். மெஷின் எண்ணெய் வாசனையும் இஸ்திரி போட்ட துணியின் சூடும் கலந்த அந்தச் சின்னக் கடையில், மின்விசிறியின் முனகலுக்கும் வெளியே போகும் வண்டிகளின் இரைச்சலுக்கும் அடியில், வலது முட்டிக்குள் மட்டும் ஒன்று மெத்து மெத்தென்று தட்டிக்கொண்டே இருந்தது.

இருபது வருடம் மிதித்துத் தேய்ந்த முட்டி. மூன்று வாரத்துக்கு முன்புதான் ஊசி போட்டார்கள். வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லை வளர்த்து, அவள் முட்டிக்கே போடுவதாகச் சொன்னார் டாக்டர்.

"ஸ்டெம் செல்னா, எதுவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லும்மா. வெட்டாத துணி மாதிரி."

"துணிக்கு அளவு நான் சொல்வேன் டாக்டர். இதுக்கு யாரு சொல்லுவா?"

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஊசிக்குழலில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை நர்ஸ் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்ததும் பிடிக்கவில்லை. ஆனால் வலி போய்விட்டதே. இன்று ஐந்து மணிக்கு இரண்டாவது ஊசி.

அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். இடது முட்டி பதினான்கு அங்குலம். வலது பதினாறே கால். நேற்று பதினைந்தரை.

"போகணுமாடி?" என்றாள், கூட்டிப்போக வந்திருந்த மகளிடம்.

"வலியும் இருக்கக் கூடாது, ஊசியும் கூடாது. நான் ஊதினா சரியாயிடுமா? இரு, வண்டியை எடுத்துட்டு வரேன்." மகள் போய்விட்டாள்.

போன் அடித்தது. அதே நர்ஸ்.

"அஞ்சு மணிக்கு வரீங்களாம்மா?" குரல் தணிந்திருந்தது.

"அன்னிக்குப் போட்டது என்னோட செல்லுதானா?"

நர்ஸ் எங்கேயோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்களோடது வளரவே இல்லம்மா. ஃப்ரீசர்ல இருந்ததைப் போட்டாங்க. இன்னிக்கும் அதேதான். வராதீங்க."

"யாரோடது அது?"

நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.

தையல்காரி ஒரு கையை மார்பில் வைத்தாள். இன்னொரு கையை முட்டியில். மார்பு படபடவென்று அடித்தது. முட்டி நிதானமாக. அவள் பயம் அதற்குத் தெரியவில்லை.

விரலால் அழுத்தினாள். மெத்தென்றிருந்தது.

உள்ளிருந்து திருப்பி அழுத்தியது. அதுவும் ஒரு விரல் அகலம்தான்.

"அம்மா, வண்டி ரெடி." மகள், வாசலில்.

முட்டியின் தோல் மெல்ல இழுபட்டது. உள்ளே ஏதோ உருண்டது. குரல் வந்த பக்கம் திரும்பியது. அங்கேயே நின்றது.

"அம்மா?"

துடிப்பு வேகமெடுத்தது.

உங்களில் யாராவது இந்த மாதிரி ஊசி போட்டிருந்தால், அந்த இடத்தில் கொஞ்சம் கை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.