நடு சீட்

ஃப்ரீமான்ட்டில் நாகரத்தினம் அங்கிள் வீட்டுக்கு நாங்கள் போனது ஓசியில் கிடைத்த ஒரு டர்ன்டேபிளுக்காக, அதுதான் பழைய இசைத்தட்டு போடும் பெட்டி. அவரை முன்பின் தெரியாது. "ஸ்பீக்கரோடு சேர்த்து இலவசம், வந்து எடுத்துக்கொள்ளவும்" என்று அவர் போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்ததும் என் கணவன் நவநீத்துக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நல்ல சாமானை யாராவது சும்மா தருவார்களா என்று கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம், விஷா" என்றான்.

மழை நாள். வீட்டில் ஊதுவத்தி வாசனை. அங்கிளின் மனைவி தனபாக்கியம் ஆன்ட்டி காபித் தட்டைக் கண்ணாடி மேஜையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்கவில்லை. கை நிறைய வளையல் போட்டிருந்தார், அதுவும் ஒலிக்கவில்லை. நிதானமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். நானெல்லாம் டம்ளர் வைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

கிளம்பும்போது ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. எங்கள் நாலு வயது மானஸாவைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை.

"அவளுக்குத் தொண்டை சரியில்லம்மா. இன்னொரு காபி சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்றா" என்றார் அங்கிள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில், டப்ளினில் எங்கள் ஹாலுக்கு அந்த டர்ன்டேபிள் வந்து சேர்ந்ததிலிருந்து நவநீத் வேறு ஆளாகிவிட்டான். தட்டு சாயாமல் இருக்க ரசமட்டம் வைத்துப் பார்த்தான். முள் எவ்வளவு கனமாக இசைத்தட்டில் அழுத்துகிறது என்று குட்டித் தராசில் நிறுத்தான். ஸ்பீக்கர்களை விரல்கடை நகர்த்துவான், ஓடி வந்து சோபாவில் உட்காருவான், தலையை ஆட்டிவிட்டு மறுபடி நகர்த்துவான். என் பிரசவத்துக்குக்கூட இப்படிப் பதறவில்லை. கடைசியில் சோபாவின் நடு சீட்டுக்கு முன்னால் தரையில் நீல டேப் ஒட்டினான்.

"இங்க உட்கார்ந்து கேளு, விஷா. பாடறவங்க நடுவுல வந்து நிக்கற மாதிரி இருக்கும்."

கேட்டேன். நின்ற மாதிரிதான் இருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெறும் சுவரில். பாட்டு முடிந்து முள் கடைசி வளையத்தில் டிக், டிக் என்று சுற்றியபோது அதே இடத்தில் வளையல் சத்தம் கேட்டது. யாரோ காபி ஆற்றும் சத்தமும்.

"பாட்டு ரெக்கார்ட் பண்ணப்போ ஸ்டுடியோல யாராவது இருந்திருப்பாங்க" என்றான்.

மானஸா வாய் ஓயாதவள். ஒரு நாள் மத்தியானம் அவன் அவளிடம் கெஞ்சினான். "மானு குட்டி, ப்ளீஸ், அப்பா பாட்டு கேட்கறேன். கொஞ்ச நேரம் சத்தம் போடாம இரேன்." குழந்தை நடு சீட்டில் ஏறிப் படுத்துத் தூங்கிப்போனது. அவனுக்கு ஆபீஸ் கால் வந்து மாடிக்குப் போனான். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முள் சுற்றிக்கொண்டே இருந்தது.

திரும்பினால் மானஸா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். நடந்து வந்த சத்தமே இல்லை. வாய் அசைகிறது. விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். எவர்சில்வர் டம்ளரை எடுத்து வீசினாள். அது டைல்ஸில் உருண்டு சுவரில் மோதி நின்றது.

ஒரு சத்தமும் இல்லை.

அப்போது ஹாலிலிருந்து கேட்டது.

"அம்மா, ஐ'ம் ஹங்க்ரி."

குழந்தை என் எதிரில் இருக்கிறாள். குரல் அங்கே இருக்கிறது.

ஓடிப்போய் முள்ளைத் தூக்கினேன். குரல் நின்றது. குழந்தை ஊமையாகவே இருந்தாள். எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் வேறொன்று கேட்டு வாங்கினார். ஏன் என்று எங்களிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் நான் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் அழுகை மட்டும்தான் காருக்குள் கேட்டது.

மறுநாள் போன் வந்தது. தெரியாத பெண் குரல்.

"நான் தனபாக்கியம் பேசறேம்மா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"நேத்து மத்தியானம் என் குரல் திரும்பி வந்துடுச்சு. யாரும்மா அந்த நடு சீட்ல உட்கார்ந்தது? குழந்தையா?" விம்மினார். "முள்ளு கடைசில சுத்தறப்போ உட்கார்ந்தா எடுத்துக்கும். ஒருத்தரைத்தான் வெச்சுக்கும். இன்னொருத்தர் வந்தாத்தான் விடும். என்னை மன்னிச்சுடுன்னு கேட்க எனக்கு வாயில்ல."

வாய் இல்லையாம். அந்த வாயைத்தானே என் குழந்தை கொடுத்திருக்கிறாள்! வயிறு எரிந்து திட்டினேன். ஆன்ட்டி கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

நவநீத் தான் உட்காருகிறேன் என்றான். உட்காரவும் செய்தான். பாட்டு முடிந்து முள் சுற்ற ஆரம்பித்ததும் அலறி எழுந்து வாசலுக்கு ஓடினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் உட்கார்ந்தேன்.

ஈரத் துணி வாசனை வந்தது.

டிக். டிக்.

வெறும் சுவரில் மானஸாவின் குரல் சின்னதாக ஏதோ பாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு. அவளுடையது இல்லை. எங்கள் யாருடையதும் இல்லை. அது சுவரிலிருந்து என் பக்கம் நகர்ந்தது.

சோபா என் இடது பக்கம் அழுந்தியது.

வலது பக்கமும் அழுந்தியது.

என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு என்று மனசுக்குள் கதறினேன். காதோரம் யாரோ மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"அம்மா!"

மாடியிலிருந்து, தன் சொந்தத் தொண்டையிலிருந்து, மானஸா கத்தினாள். படிகளில் தடதடவென்று கால் சத்தம். கைகளை விரித்தேன். "கண்ணம்மா, வாடி" என்றேன்.

அது ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

குழந்தை ஓடிவந்தாள். என்னைத் தாண்டி ஓடினாள். ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அதில் கன்னத்தை வைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அம்மா அங்கேதான் இருக்கிறாள். அங்கேயே சாப்பிடுகிறாள், அங்கேயே தூங்குகிறாள். அவளுக்காக நவநீத் நாளெல்லாம் முள்ளைச் சுற்றவிடுகிறான். நான் பேசினால் அது பேசுகிறது. நான் வாயை மூடியிருக்கும்போதும் சில சமயம் பேசுகிறது. என்ன சொல்கிறது என்று போய்க் கேட்டால் நிறுத்திவிடுகிறது. அது என்ன சொன்னது என்று மானஸாவிடம் சைகையில் கேட்டேன். "தட்'ஸ் அ சீக்ரெட்" என்றாள். நான் தொட்டால் விலகுகிறாள். பெற்ற குழந்தை என்னை யாரோ மாதிரி பார்க்கிறாள். குரல் போனதை நான் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியவில்லை.

நவநீத் என்னைக் கேட்காமலே விளம்பரம் போட்டுவிட்டான். இலவசம், ஸ்பீக்கரோடு.

அதைப் பார்த்துவிட்டு சனிக்கிழமை எலிசா, கிரிஸ் என்று ஒரு ஜோடி வந்தார்கள். சின்னஞ்சிறுசுகள். எலிசாவுக்கு ஏழாவது மாசம். "ஆன்ட்டி, எங்க பேபி பாட்டு கேட்டே வளரட்டும்னு ஆசை" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். கிரிஸ் நம்ப முடியாமல் டர்ன்டேபிளைத் தடவிப் பார்த்தான். "சீரியஸா ஃப்ரீயா, அங்கிள்?"

மேஜையில் மானஸா படம் வரையும் தாள்கள் கிடந்தன. பென்சில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மூலையில் மானஸா ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "அம்மா, டோன்ட் கோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தட்டு சுற்றவில்லை. முள் மேலே இருந்தது. ஆனாலும் அவளுக்கு உள்ளேயிருந்து யாரோ மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது எலிசாவின் கையைப் பிடித்தேன். அவள் வயிற்றைப் பார்த்தேன். என் உதடுகள் அசைந்தன.

"அவளுக்குத் தொண்டை சரியில்ல. இன்னொரு காபி சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்றா" என்றான் நவநீத், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நான் சொன்னதும் அதுதான்.