நாற்பத்தொரு அணில்கள்

யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் அணில் "அக்கா!" என்று அலறிக்கொண்டு விழுந்தது.

பெரியவள் கைகளை மடியில் வைத்தபடி திரையையே பார்த்தாள். இரண்டே நாளில் ஒரு கேம் செய்து காட்ட வேண்டிய மாணவர் ஹேக்கத்தான் போட்டியின் இரண்டாம் நாள் மாலை. மற்ற அணிகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தரைத்தள அரங்குக்குப் போய்விட்டன. மூன்றாம் மாடிக் கணினிக்கூடத்தில் யாரோ அணைக்க மறந்த ஏசியின் முனகலும், சூடேறிய ஒயர்களின் வாடையும், இருட்டத் தொடங்கிய சன்னல்களும், இவளும்தான் மிச்சம். இவர்கள் அணியில் இரண்டே பேர், அக்காவும் தங்கையும். சின்னவள் படம் வரைவாள், சத்தம் பதிவு செய்வாள், ஓயாமல் வாயடிப்பாள். பெரியவள் நிரல் எழுதுவாள், திட்டுவாள். நடுவர்களிடம் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கி வருகிறேன் என்று சின்னவள் படியிறங்கிப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அவர்கள் செய்த கேமில் ஓர் அணில் காட்டு மரத்தில் கிளைக்குக் கிளை தாவி ஏறும். கால் தவறினால் விழும். விழும்போது கத்த வேண்டுமே! எதிரொலி நன்றாக இருக்கும் என்று இந்தக் கட்டடத்து மாடிப்படியிலேயே நின்று, சின்னவள் நேற்று அடித்தொண்டையில் கத்திப் பதிவு செய்திருந்தாள்.

"அணில் எதுக்குடி அக்காவைக் கூப்பிடுது?" என்று அப்போது கேட்டாள் பெரியவள்.

"விழுந்தா நான் உன்னைத்தானே கூப்பிடுவேன்?"

தப்பு எங்கே என்று பிடிபட்டதும் பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மாதிரி கேமில் தரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்று போடுவார்கள். அதைத் தொட்டது எதுவானாலும் அழிந்துவிடும். அவசரத்தில் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அதனால் விழுந்த அணில் ஒன்றுகூடச் சாகவில்லை. மேலே புது அணில் வந்துகொண்டிருக்க, பழையவை எல்லாம் அலறியபடி விழுந்துகொண்டே இருந்தன. பட்டியலைத் திறந்து எண்ணினாள். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் ஆழம் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது.

ஓர் எண் நின்றது.

அடுத்தது நின்றது. பிறகு அத்தனையும் ஒரே ஆழத்தில் வரிசையாக வந்து நின்றன. அங்கே அவள் தரை எதுவும் போடவில்லை. சற்றுப் பொறுத்து எண்கள் குறையத் தொடங்கின. அவை ஏறி வந்துகொண்டிருந்தன.

"அக்கா!"

இந்த முறை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. மாடிப்படிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க?"

"படியிலதான்க்கா. இறங்கிக்கிட்டே இருக்கேன், முடியவே மாட்டேங்குது. நாம மூணாவது மாடிதானே?"

"எத்தனை மாடி இறங்கியிருக்க?"

"ஒன்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் பயமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. சட், சட், சட். பட்டியலில் இப்போது நாற்பத்திரண்டு பெயர்கள். கடைசியாக இருந்தது மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அதன் எண் ஒன்று கூடியது.

"நில்லு! அங்கயே நில்லு. கீழ போகாத."

சத்தம் நின்றது. எண்ணும் நின்றது.

"அக்கா, கீழேர்ந்து யாரோ ஏறி வர்றாங்க. நிறைய பேரு. என் குரல்லயே பேசுறாங்க."

பெரியவள் விசைப்பலகையை அருகே இழுத்தாள். எல்லைக்கோட்டுக்கான வரியை அடித்தாள். என்டரைத் தட்டினால் போதும், விழுந்தவை எல்லாம் அழிந்துவிடும். எல்லாம் என்றால் நாற்பத்தொன்று அல்ல.

விரலை எடுத்துவிட்டாள். தங்கையைப் பணயம் வைக்க அவளால் முடியாது.

"என்னைத் தாண்டிப் போறாங்கக்கா. சுவரோட ஒட்டி நிக்கிறேன். என்னை ஒண்ணும் பண்ணல. மேலதான் வர்றாங்க."

ஏசி நின்றது. கதவின் கைப்பிடி இறங்கியது.

சின்னவள் உள்ளே வந்தாள். அதே நீலச் சட்டை, அதே பின்னல். பெரியவளுக்கு ஒரு நொடி உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. "வந்துட்டியாடி?" என்று எழுந்து ஓடினாள்.

"யாருக்கா? நான் இன்னும் படியிலதான் இருக்கேன்," என்றது போன்.

ஓடிய கால் நின்றது.

எதிரே நின்றவள் சன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காது. ஒரு கண். பெரியவள் மேசையைச் சுற்றி சன்னலோரம் போனாள், முகத்தை நேரே பார்க்க.

அங்கிருந்தும் ஒரு காது. ஒரு கண்.

இந்த மாதிரி கேமில் எதற்கும் முகத்தை நேராக வரைவதில்லை. பக்கவாட்டுத் தோற்றம் போதும்.

அந்த ஒற்றைக் கண் மெதுவாக உருண்டு அவளிடம் வந்தது. உள்ளே வந்தவளுக்குப் பின்னால், கதவு நிறைய, நீலச் சட்டைகள். அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் பக்கவாட்டில். எல்லாக் கண்களும் இவள் மேல்.