பத்தாம் வீட்டுக்கு அப்பால்

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தாளித்தார்கள்.

ஏசுரத்தினம் பூட்ஸைக் கழற்றாமலே வாசலில் நின்றான். சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைக் காட்டு ஓரத்தில் இருக்கிற அந்த லயத்தில் வரிசையாகப் பத்து வீடு, அவனுடையது கடைசி. அதற்கப்புறம் சுவர், சுவருக்கப்புறம் இரண்டாள் ஆழத்துக்குச் சரிவு, கீழே ஓடை. கால் வைக்க இடம் கிடையாது. ஆனாலும் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மழை பிய்த்துப்போட்ட முறத்தளவு சந்து வழியாகக் கடுகு வெடிக்கிற சத்தம் வந்தது, பின்னாலேயே பூண்டு கருகுகிற வாசம் வந்தது, அதற்கும் பின்னால் பாத்திரத்தில் வளையல் உரசுகிற சத்தம் வந்தது. பூண்டை அப்படிக் கருக்குகிறவள் ஒருத்திதான். அவன் பெண்டாட்டி கத்தரீனாள். அவள் செத்து ஆறு வருசமாகிறது.

இது நாலாவது நாள்.

முதல் நாள் ஒன்பதாம் வீட்டு ரோசியிடம் கேட்டான்.

"கருகுறது உங்க அடுப்புலண்ணே. எங்கிட்ட வந்து கேட்டா?"

இரண்டாம் நாள் சந்தில் உரச்சாக்கைத் திணித்தான். விடிந்தபோது சாக்கு கீழே கிடந்தது. நாலாக மடித்து.

மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போனான். ஒரு தகரம் அடித்துத் தரச் சொல்லி எத்தனை தடவை கேட்டாயிற்று. எழுதிக் கொடு என்றார் சூப்பர்வைசர் ராஜசேகர். நாற்பது வயசு வரைக்கும் கைநாட்டு வைத்தவன், இப்போதுதான் எழுத்துப் படித்தவன், அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினான்: சுவருக்கு அங்கிட்டு ஆள் சத்தம் கேக்குது. ராஜசேகர் அதைச் சத்தமாகவே படித்தார்.

"ஓடையில யாருய்யா குடித்தனம் பண்றது? மீனா?"

எல்லாரும் சிரித்தார்கள். மழை முடிந்து பார்க்கலாம் என்றார். நாளெல்லாம் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டி மரத்துப்போன கையோடு, ஒரு தகரம் வாங்கத் துப்பில்லாமல் திரும்பி வந்தான்.

மகள் ஜிஷாவுக்குத்தான் பயமே இல்லை. பதினேழு வயசு. போனில் பறக்கிற ஹீரோ படம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது படத்துல வர்றதுதாம்ப்பா. இன்னொரு உலகம் இருந்தாலும் இருக்கலாம்னு சயன்ஸ்காரங்களே சொல்றாங்க. நாம ஒண்ணைச் செஞ்சா, செய்யாம விட்டது வேற உலகத்துல நடக்குமாம். அங்கயும் ஒரு அப்பா இருப்பாரு."

"அங்கயும் கவாத்துக்குத்தான் போறனா?"

"பின்ன? அங்கயும் தகரம் வந்திருக்காது."

சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஆறு வருசத்துக்கு முன்னால், மழையில் ரோடு இடிந்து ஜீப் வராத ராத்திரி. தாய்க்கும் மகளுக்கும் காய்ச்சல் அனலாக அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடக்க அவன் ஒருத்தன்தான். புள்ளையத் தூக்குங்க என்றாள் கத்தரீனாள். தூக்கினான். அவளுக்காகத் திரும்பி வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அங்கே இருக்கிறவன் அந்த ராத்திரி யாரைத் தூக்கினான்? இதை ஜிஷாவிடம் கேட்கவில்லை.

இன்றைக்கு மணி ஆறுதான். பனிமஞ்சு இறங்கி லயமே இருட்டிக் கிடந்தது, கரண்டும் இல்லை. உள்ளே வந்தான். தன் அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

"ஜிஷா."

"இங்கப்பா."

குரல் மேலேயிருந்து வந்தது. கடைசிச் சுவரை ஒட்டி விறகு அடுக்குகிற பரண். ஏணி சாத்தியிருந்தது. விறகின் மேல் ஜிஷா குப்புறப் படுத்திருந்தாள். காலும் இடுப்பும் தெரிந்தன. தலையும் தோளும் சந்துக்கு அந்தப் பக்கம்.

"இறங்கு புள்ள."

"இருங்கப்பா. தல பின்னுறாங்க."

பதினொரு வயசுக் குரல்.

சீப்புச் சத்தம் கேட்டது. சிக்கில் மாட்டி, நின்று, மறுபடி இறங்குகிற சத்தம்.

"வளந்துட்டா," என்றது ஒரு பொம்பளைக் குரல், ரொம்ப மெதுவாக. "எம்புள்ள உசுரோட இருந்து வளந்துட்டா."

ஏறினான். ஏணி ஆடியது. மகளின் இரண்டு கணுக்காலையும் பிடித்தான். சூடாக இருந்தது. இழுத்தான். ஒரு சாண் வந்தாள்.

சீப்புச் சத்தம் நின்றது.

அந்தப் பக்கமிருந்து இழுத்தார்கள். வந்த சாண் போயிற்று. இன்னும் ஒரு சாண் போயிற்று.

"அப்பா, வலிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

சொன்னது அவனில்லை.

அவன் வாயே திறக்கவில்லை. குரல் மட்டும் அவனுடையது. அதே மார்ச்சளி. அதே கரகரப்பு.

"ஆமாப்பா," என்றாள் ஜிஷா. அந்தப் பக்கம் பார்த்து.

சந்துக்குள்ளிருந்து இரண்டு கை வந்து அவள் இடுப்பைப் பிடித்தது. காய்த்துப்போன கை. இடது சுண்டுவிரலில் நகம் இல்லை. கவாத்துக் கத்தி வாங்கிய நகம்.

அவன் தன் கையைப் பார்த்தான். இடது சுண்டுவிரலில் அங்கேயும் நகம் இல்லை.

காலையிலிருந்து வெட்டிய கை. பிடி நழுவியது. ஒரு கணுக்கால் கையை விட்டுப் போயிற்று.

அந்தக் கை நழுவவில்லை.