மறுதேர்வு நாட்காட்டி

கல்வித் துறையின் கணிதக் கொள்கை இணையதளத்தை அன்று மாலை ஐந்து மணிக்கு மூடப்போகிறார்கள். ஆட்சி மாறியதும் கொள்கையும் குப்பைக்குப் போய்விட்டது. மூடுவதற்குள் ஒரு பக்கம் விடாமல் நகலெடுத்துக் காப்பகத்தில் சேர்ப்பது என் வேலை. சாப்பிட்டுவிட்டு அடித்தளத்து அறைக்கு வந்து உட்கார்ந்தேன். ஜன்னல் கிடையாது. நாலு சர்வர், ஒரு நாற்காலி, நான்.

அந்தக் கொள்கை எனக்கு மனப்பாடம். பதினெட்டு வயது வரை கணக்கு கட்டாயம். தேறாதவர்கள் தேறும்வரை மாதாமாதம் மறுதேர்வு. என் தம்பி பதினோரு முறை எழுதினான். வீட்டில் கணக்குப்புலி நான்தானே, அவனை என் தலையில் கட்டினார்கள். பன்னிரண்டாவது தேர்வுக்கு முந்தின நாள் அவனை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"எல்லாத்தையும் போட்டு முடிக்காம வெளிய வராதே."

"மூச்சு முட்டுதுக்கா" என்று கதவைத் தட்டினான். நடிக்கிறான் என்று நினைத்தேன். அவனுடைய இன்ஹேலர் கூடத்து மேசைமேல், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாயங்காலம்தான் கதவைத் திறந்தேன்.

பக்கங்களை நகலெடுக்கும் எங்கள் கணினி நிரலுக்குச் சொந்த புத்தி கிடையாது. பக்கத்தில் எந்தப் பொத்தான் இருந்தாலும் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகும். நாட்காட்டி அகப்பட்டால் தொலைந்தோம். 'அடுத்த மாதம்', 'அடுத்த மாதம்' என்று உலகம் முடியும்வரை போய்க்கொண்டிருக்கும். அதனால் எல்லை குறித்துவிட்டுத்தான் ஓடவிடுவோம். அன்று நான் மறந்துவிட்டேன்.

நாலரைக்கு அதிகாரி போனில் கத்தினார். "என்னம்மா, டிஸ்க் ரொம்பிக்கிட்டே போகுது? மறுதேர்வு நாட்காட்டியில மாட்டிக்கிச்சா? நிறுத்தித் தொலைங்க!"

நிறுத்துவதற்கு முன் ஒரு பக்கத்தைத் திறந்தேன். அறுபது வருடம் கழித்து வரப்போகும் ஒரு மாதம். வெறும் கட்டங்கள்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு தேர்வு எண் இருந்தது.

தம்பியின் எண்.

'பெற்றது 29. தேர்ச்சி இல்லை. மீண்டும் வரவும்.'

பின்னோக்கிப் போனேன். அவன் செத்த மாதத்திலிருந்து ஒரு மாதம்கூட விடாமல் எழுதியிருந்தான். 19. 19. இரண்டு வருடம் கழித்து 20. பாவி, நான் போட்ட தாழ்ப்பாளுக்குள் இன்னும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி.

நான் நிரலை நிறுத்தவில்லை. ஓடட்டும், என் தங்கம் தேறி வெளியே வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டேன். 31. 32. அறையில் அழிரப்பர் வாசனை அடித்தது. சர்வர் விசிறிகளுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து விடும் மூச்சு.

33.

மூச்சு என் நாற்காலிக்குப் பின்னால் வந்தது.

34.

"அக்கா..." காதருகே கிசுகிசுத்தான். "முடிக்கப் போறேன்க்கா. வெளிய வரட்டா?"

வா என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பயத்தில் என் விரல் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டது.

மூச்சு நின்றது. பதறிப்போய் மறுபடி ஓடவிட்டேன். மணி ஐந்தாகியிருந்தது. தளம் இல்லை.

காப்பகத்தில் சேர்ந்த நகலை யாராலும் திருத்த முடியாது. அதுதான் காப்பகத்தின் பெருமை. கடைசிப் பக்கத்தில் 34 அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது எண் ஒன்று ஏறியது. என் பழைய தேர்வு எண். 'பெற்றது 0. மீண்டும் வரவும்.'

எழுந்து கதவுக்கு ஓடினேன். வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.