மேனேஜரின் வால்

சுண்டுவுக்கு வயது பத்து. அவள் வீட்டுக் கணினிக்கு வயது பதினொன்று. தான்தான் மூத்தது என்ற நினைப்போ என்னவோ, அது யார் சொன்னாலும் உடனே கேட்காது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பல் தேய்த்து, குளித்து, தலை வாரிக்கொண்டு வந்தால், அப்போதுதான் மெல்லக் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும்.

பள்ளியில் படம் வரையும் செயலி ஒன்றைக் கொடுத்தார்கள். கணினி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "இதற்குப் புதிய இயங்குதளம் தேவை" என்று திரையில் ஒரு வரி காட்டியதோடு சரி.

"இயங்குதளம்னா என்னடி?" என்று கேட்டார் அம்மா. வீட்டின் முன் அறைதான் அம்மாவின் தையல் கடை.

"அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற வீட்டுக்காரம்மா மாதிரிம்மா. எது எங்க இருக்கு, யார் எந்த வேலையைப் பார்க்கணும்னு அதுதான் பார்த்துக்கும். நம்மது ரொம்பப் பழசு. மாத்தணும்."

"பழசாயிட்டா வீட்டுக்காரம்மாவை மாத்திடுவியா?"

சுண்டு விடவில்லை. ஒரு வாரம் நச்சரித்தாள். கடைசியில் அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னோட தையல் அளவெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ஒண்ணு தொலைஞ்சாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்."

"எதுவும் தொலையாதும்மா. நான் பொறுப்பு," என்றாள் சுண்டு. இப்படிச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்பா பேருந்து ஓட்டுநர். அவருக்கு விடுமுறை வந்த நாளில், காலை ஒன்பது மணிக்குக் கணினி முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். முதலில் கைப்பேசியை எடுத்துக் கணினியை முன்புறம் ஒரு படம், பின்புறம் ஒரு படம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று நான்கு படம் எடுத்தார்.

"எதுக்குப்பா?"

"வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும். அப்புறம் கீறல் இருக்கு, நெளிசல் இருக்குன்னு யாரும் நம்ம தலையில கட்டமுடியாது."

"அது வண்டி இல்லையேப்பா."

"எதுவா இருந்தா என்ன, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

பிறகு வேலை தொடங்கியது. கணினி கேள்வி மேல் கேள்வி கேட்டது. அப்பா எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று அழுத்தினார். பயணிகள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பேருந்து போய்ச் சேராது என்பது அவர் கட்சி.

திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கீழே 'கணினியை அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. முப்பத்தேழு சதவீதம் வரை விறுவிறுவென்று போய், அங்கேயே நின்றுவிட்டது.

"சிக்னல்ல நிக்குது," என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து கணினிப் பெட்டியின் மேல் ஏறிப் படுத்தது. மேனேஜர் என்பது அவர்கள் வீட்டுப் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். பெட்டி சூடாக இருந்தது அதற்குச் சுகமாகிவிட்டது. முன்னங்காலை நீட்டியது. நீட்டிய கால், அணைக்கும் பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில் தொங்கியது.

அப்பா கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பூனையைத் தூக்கினால் திமிறும், திமிறினால் பொத்தானில் கால் படும். அதனால் சமையலறையிலிருந்து ஒரு மூடியை எடுத்து வந்து பொத்தானை மறைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டைக்கூடச் சுண்டுதான் ஊட்டிவிட்டாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. திரை பளிச்சென்று எழுந்தது. நீல நிறத்தில் ஒரு பெரிய அலை. இடப்பக்கம் கோப்புகள் எல்லாம், காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. சுண்டு எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று. முன்பும் அதே தொண்ணூற்று மூன்றுதான். ஒன்றும் தொலையவில்லை.

"பார்த்தியாம்மா? நான்தான் சொன்னேனே."

அம்மா திரையைப் பார்த்தார். மூலைக்கு மூலை தேடினார்.

"மேனேஜரைக் காணோம்."

"இதோ இங்கதான தூங்குது," என்றார் அப்பா.

"இது இல்லைங்க. உள்ள இருந்தது."

பழைய திரையில் மேனேஜரின் படம் இருந்தது. இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால் என்று திரை முழுக்க நீட்டிப் படுத்திருக்கும். அம்மா எந்தக் கோப்புக்கும் பெயர் வைத்ததே இல்லை. 'புதிய ஆவணம் 1', 'புதிய ஆவணம் 2' என்று கணினி தானாகச் சூட்டும் பெயரை அப்படியே விட்டுவிட்டு, கோப்பைப் பூனையின் மேல் ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். காதில் அப்பா. மூக்கில் மாடி வீட்டு டாக்டர். முன்னங்காலில் தபால்காரர். ஏழு வருடமாக இப்படித்தான் கடை நடந்தது.

சுண்டு ஒரு கோப்பைத் திறந்தாள். உள்ளே நான்கு எண்கள் மட்டும் இருந்தன.

"இது யாரோட அளவும்மா?"

"எந்த இடத்துல இருந்துச்சு?"

"இடமே இல்லையேம்மா. எல்லாம் ஒரே வரிசையா இருக்கு."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள ஒரு பேராவது எழுதியிருக்கலாம்ல?"

"அதான் பூனை மேல இருக்கேன்னு விட்டுட்டேன்." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வால்ல பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் கோஷ்டி இருந்துச்சுடி. பதினாலு பிள்ளைங்க. பேண்டுல நிக்கற வரிசையிலேயே வாலோட அடியில இருந்து நுனி வரைக்கும் வெச்சிருந்தேன்."

 அந்தப் பதினான்கு பேரும் முகாமுக்குப் போயிருந்தார்கள். அங்கே தொலைபேசிகூட எடுக்காது. சனிக்கிழமை நேராக விழா மேடைக்குத்தான் வருவார்கள். அன்றைக்குள் பதினான்கு சீருடைகள் தயாராக வேண்டும். நான்கு மணிக்கு பேண்டு மாஸ்டர் துணியோடு வருகிறார், வந்ததும் வெட்ட ஆரம்பிக்க வேண்டும்.

மாஸ்டர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கவலைப்படாதீங்க, எனக்குப் பிள்ளைங்களை நல்லாத் தெரியும். பெரிய டிரம் அடிக்கறவன் இவ்வளவு இருப்பான்." கையை விரித்துக் காட்டினார். "புல்லாங்குழல் ஊதறவன் ரொம்ப ஒல்லி. ஊதி ஊதியே அப்படி ஆயிட்டான்."

"உயரம்?" என்று கேட்டார் அம்மா.

"அந்த டிரம் உயரம் இருப்பான். இல்ல, டிரம்மை மேஜை மேல வெச்சா எவ்வளவு இருக்குமோ அவ்வளவு."

அம்மா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாடாவைக் கழற்றி வைத்ததுதான் சுண்டுவைக் குடைந்தது. பொறுப்பு என்று சொன்ன வாய் அவளுடையதுதானே.

"என்னை எதுவும் சொல்லக்கூடாது," என்றார் அப்பா. "எடுக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியேதான் நிறுத்தியிருக்கேன். ஒரு கீறல் கிடையாது. வேணும்னா போட்டோவைப் பாருங்க."

சுண்டு சட்டென்று திரும்பினாள்.

"அப்பா, போனைக் குடுங்க."

"கீறலைப் பார்க்கறியா?"

"குடுங்கப்பா."

பின்புறப் படத்தில் ஒயர்களும் ஒட்டடையும் இருந்தன. இடப்பக்கம் தூசி. வலப்பக்கமும் அதே தூசி. முன்புறப் படத்தில் திரை இருந்தது. திரையில் மேனேஜர் நீட்டிப் படுத்திருந்தது. அதன் வால் நெடுக, சின்னச் சின்னதாகப் பதினான்கு கோப்புகள்.

சுண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். எழுத்து முதலில் மங்கலாக இருந்து, பிறகு தெளிந்தது.

"புதிய ஆவணம் 41. இது யாரும்மா? வாலோட அடியில இருக்கு."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். "பெரிய டிரம்."

"58?"

"சின்ன டிரம். அடுத்ததைச் சொல்லு."

"77."

"புல்லாங்குழல்." அம்மா அந்தக் கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்துத் தலையாட்டினார். "மாஸ்டர், நீங்க சொன்னது சரிதான். காத்து அடிச்சா பறந்துடுவான்."

வால் நுனி வரை பதினான்கு பேரும் ஒருவர் விடாமல் கிடைத்தார்கள். அம்மா சுண்டுவின் தலையைத் தன் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டார். சுண்டுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் படத்தில் பூனையின் தலையில் மட்டும் ஒரு சிக்கல். காதிருக்கும் இடத்தை அப்பாவின் கட்டைவிரல் மறைத்திருந்தது.

"அப்ப என் அளவு?" என்றார் அப்பா.

"அது போனா போகட்டும். பழைய இடுப்பளவு இனிமே உங்களுக்கு உதவாது," என்றார் அம்மா. அவர் ஏற்கெனவே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

அம்மா துணியை வெட்ட, சுண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். பழைய பூனைப் படம் எங்கே போனதென்று தெரியவில்லை. புதிதாக ஒன்று எடுக்கலாம் என்றால் மேனேஜர் சுருண்டே கிடந்தது. கூப்பிட்டாள், கெஞ்சினாள், காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. கடைசியில் அம்மா அடுத்த துணியை மேஜை மேல் விரித்ததும், யாரும் சொல்லாமலே போய் அதன் நடுவில் நீளமாகப் படுத்துக்கொண்டது. அப்பா ஒரே ஒரு படம்தான் எடுத்தார், கட்டைவிரலை நன்றாக ஒதுக்கி வைத்துக்கொண்டு.

ஏழு வருடத்தில் மேனேஜர் குண்டாகியிருந்தது. சுண்டு அந்தப் படத்தைத் திரையில் போட்டு, கைப்பேசியில் இருந்த முன்புறப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோப்புகளை மூக்கிலும் காலிலும் வாலிலும் கொண்டுபோய் வைத்தாள். அம்மா எட்டிப் பார்த்தார்.

"வயித்துல நிறைய இடம் வந்திருக்கே. புது இயங்குதளம் நல்லாத்தான் இருக்கு."

பிறகு அம்மா அப்பாவைப் பிடித்து நிறுத்தி, இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டார். வந்த எண்ணைப் பார்த்து மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து எண்களைத் தட்டி, மூடி, பூனையின் வயிற்றில் கொண்டுபோய் வைத்தார். கீழே கணினி தானாக எழுதியது: புதிய ஆவணம் 94.

சுண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மெல்ல அப்பாவின் கைப்பேசியை எடுத்து, திரையை முன்புறமிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.